பைன் மரம் காய்ந்தால் பழி வறட்சிக்கு மட்டும்தானா?

பைன் காடு ஒன்று பரவலாகக் காய்ந்துபோனால், "வறட்சி" என்ற ஒற்றைச் சொல்லோடு செய்தி முடிந்துவிடுகிறது. காற்று மாசுக்கும் அதில் பங்கு உண்டா, இரண்டும் ஒன்றாக வந்தால் மரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

பங்கு உண்டு. ஆனால் மாசால் இவ்வளவு, வறட்சியால் இவ்வளவு என்று கூட்டிப் போடுகிற கணக்கு இது இல்லை. வறட்சியைத் தாங்குவதற்குப் பைன் மரம் சில ஏற்பாடுகளை நம்பியிருக்கிறது: காற்றும் நீராவியும் போய்வரும் இலைத்துளையை நேரத்தோடு மூடுவது, பரவலாக வேர் விடுவது, சர்க்கரையைச் சேமித்து வைப்பது, பட்டையைத் துளைக்கும் பூச்சியைப் பிசினால் வெளியே தள்ளுவது. தொழிற்சாலைப் புகை நேராக வந்து அடிக்கும் இடங்களை விட்டுவிட்டால், காற்று மாசு தனியாக ஒரு பைன் மரத்தைக் கொல்வது அபூர்வம். இந்த ஏற்பாடுகளைத்தான் அது ஒவ்வொன்றாகப் பழுதாக்குகிறது. அப்புறம் ஒரு வறண்ட ஆண்டு வந்தால் போதும். மரம் செத்ததற்குக் காரணம் வறட்சி என்று எழுதினால் அது பொய்யும் ஆகாது, முழு உண்மையும் ஆகாது.

முதலில் பைன் எப்படி வறட்சியைச் சமாளிக்கிறது என்று பார்த்துவிடலாம். மண் காயத் தொடங்கியதும் மற்ற பல மரங்களைவிட முன்னதாகவே பைன் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. தண்ணீர் இழப்பு குறைகிறது, தண்டின் நீர்க்குழாய்களில் காற்றுக்குமிழ் புகுந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் தள்ளிப்போகிறது. விலை என்னவென்றால், துளை மூடினால் கரியமில வாயு உள்ளே வராது, ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். வரவு நின்ற நாள் முதல் மரம் சேமிப்பில்தான் காலம் தள்ளுகிறது. ஆக, வறட்சியில் ஒரு பைன் எத்தனை வாரம் தாங்கும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எவ்வளவு சேமிப்பு இருக்கிறது, வேர் எவ்வளவு மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, துளைகளை மூடிய பிறகும் எவ்வளவு தண்ணீர் கசிகிறது. மூன்றிலும் காற்று மாசு கை வைக்கிறது.

ஓசோனிலிருந்து தொடங்கலாம். மேல் வளிமண்டலத்தில் நம்மைக் காக்கும் ஓசோன் வேறு கதை. தரையை ஒட்டிய ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேரடியாக வருவதில்லை. வாகனங்களும் ஆலைகளும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகள், எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், நல்ல வெயில் மூன்றும் சேர்ந்தால் காற்றிலேயே உருவாகிறது. உருவாக நேரம் பிடிப்பதால், நகரத்தைவிட நகரக் காற்று போய்ச்சேரும் மலைச்சரிவுகளில் அதிகமாக இருப்பது உண்டு. பல பைன் காடுகள் இருப்பதோ அப்படிப்பட்ட சரிவுகளில்தான். இன்னொரு வேடிக்கை, பைன் மரங்களே டெர்பீன் என்ற மணமுள்ள சேர்மங்களை வெளியிடுகின்றன. சுத்தமான காற்றில் அதனால் பெரிய பிரச்சினை இல்லை. நகரத்து நைட்ரஜன் ஆக்சைடு வந்து கலந்தால் அதே மணம் ஓசோன் உற்பத்திக்குத் தீனி ஆகிவிடும்.

இலைத்துளை வழியாக உள்ளே போகும் ஓசோன், செல்சுவரின் ஈரத்தில் கரைந்து, கண்டதையும் ஆக்சிஜனேற்றும் மூலக்கூறுகளாக மாறுகிறது. அவற்றைச் சமாளிக்கவும் சிதைந்ததைப் பழுது பார்க்கவும் செல் தன் சர்க்கரையைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையம் குறைகிறது, ஒளிச்சேர்க்கை தளர்கிறது, ஊசியிலை வயதுக்கு முன்பே முதுமை அடைந்து விழுகிறது. வட அமெரிக்காவின் மேற்கில் வளரும் பாண்டரோசா பைன் சுத்தமான காற்றில் ஓர் ஊசியிலையைப் பல ஆண்டுகள் கிளையில் வைத்திருக்கும். ஓசோன் மிகுந்த இடத்தில் ஓரிரண்டு ஆண்டு இலைகள்தான் மிஞ்சும். மரத்துக்கு ஒவ்வோர் ஊசியிலையும் ஒரு முதலீடு. போட்ட முதல் திரும்பி வருவதற்குள் இலை உதிர்ந்தால் ஆண்டுக்கு ஆண்டு நஷ்டம்தான்.

அந்த நஷ்டம் எல்லா உறுப்புகளையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. சர்க்கரை குறையும்போது புதிய இலைக்கும் நுனி வளர்ச்சிக்கும் முதல் பங்கு போகிறது, வேருக்குக் கிடைப்பது மிச்சம் மீதி. போதாக்குறைக்கு, வேருக்குப் பெரும்பாலும் சோறு போடுவது கீழ்க்கிளைகளும் மூத்த இலைகளும்தான், ஓசோன் முதலில் காலி செய்வதும் அவற்றைத்தான். அதனால் மேலே பார்த்தால் மரம் ஓரளவு பச்சையாகத் தெரியும்போதே, கீழே நுண்வேர்கள் மெலிந்து போயிருக்கும். மழை ஒழுங்காகப் பெய்யும்வரை இது வெளியே தெரியவே தெரியாது.

இதையெல்லாம் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, காட்டிலேயே காட்டிக்கொடுத்த இடம் தெற்கு கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மலை. லாஸ் ஏஞ்சலஸ் சமவெளியின் புகைமூட்டத்தைக் கடல்காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வந்து இந்த மலையின் மேல் ஏற்றுகிறது. 1950களில் அங்கே பாண்டரோசா பைன் மரங்கள் மஞ்சளித்து, இலை உதிர்ந்து நலிந்தன. காரணம் பிடிபடாததால் அதற்கு "எக்ஸ் நோய்" என்றே பெயர் வைத்தார்கள். பூஞ்சையா, பூச்சியா, சத்துக்குறைவா என்று தேடியதில் எதுவும் பொருந்தவில்லை. ஆய்வாளர் பால் மில்லரும் உடன் பணியாற்றியவர்களும் ஆரோக்கியமான கிளைகளை ஓசோனுக்கு உட்படுத்தி அதே மஞ்சள் திட்டுகளை வரவழைத்துக் காட்டினார்கள். அந்த ஆய்வு 1963இல் வெளியானது.

அந்த மலையின் சிறப்பு என்னவென்றால், மேற்கு முனையில் ஓசோனும், காற்றிலிருந்து வந்து படியும் நைட்ரஜனும் மிக அதிகம், கிழக்கே போகப் போகக் குறைகிறது. ஒரே மலைத்தொடர், ஒரே இனம், மாசு மட்டும் படிப்படியாக மாறுகிறது. ஒரு சிக்கலும் உண்டு, கிழக்கே போகப் போக மழையும் குறைகிறது. மேற்கில் மாசு அதிகம், மழையும் அதிகம். கிழக்கில் மாசு குறைவு, மழையும் குறைவு. அதனால் ஒரு முனையையும் மறுமுனையையும் மேலோட்டமாக ஒப்பிட்டு "இதோ மாசின் விளைவு" என்று சொல்லிவிட முடியாது. நான்சி க்ரூல்கி போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அங்கே வேலை செய்து, மேற்கு முனை மரங்களின் வேர்த்தொகுதி, அதிக மழை கிடைத்தும், கிழக்கு மரங்களுடையதைவிட வெகுவாகச் சுருங்கியிருப்பதைக் காட்டினார்கள். அங்கே வழக்கமாக மழை கிடைப்பதால் அந்தச் சிறிய வேர் சமாளித்துக்கொண்டது. 2002-03இல் கடும் வறட்சி வந்தது. அந்த மலையில் மரங்கள் பெரும் எண்ணிக்கையில் செத்தன.

இங்கே எல்லோரையும் குழப்பும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வறட்சி ஓசோனிலிருந்து மரத்தைக் காப்பாற்றவும் செய்கிறது. துளை மூடியிருந்தால் ஓசோன் எப்படி உள்ளே போகும்? கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் இளம் பாண்டரோசா பைன்களை அறைகளில் வளர்த்து, ஓசோனையும் தண்ணீரையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்த சோதனைகளில், தண்ணீர் குறைவாகப் பெற்ற கன்றுகளின் இலைகளில் ஓசோன் காயம் குறைவாகவே இருந்தது. நன்றாகத் தண்ணீர் குடித்த கன்றுதான் ஓசோனையும் நன்றாகக் குடித்தது. "வறட்சியும் ஓசோனும் ஒன்றையொன்று மோசமாக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவர்கள் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள்.

காற்றில் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்பதும் இலைக்குள் எவ்வளவு போகிறது என்பதும் இரு வேறு கணக்குகள். கலிபோர்னியா மாதிரி கோடையில் மழையில்லாத இடங்களில் வசந்தத்திலும் முன்கோடையிலும் மண்ணில் ஈரம் இருக்கும், துளைகள் தாராளமாகத் திறந்திருக்கும். ஓசோன் உச்சத்தைத் தொடும் மாதங்களுக்குள் மண் காய்ந்துவிடும், துளைகள் பகலில் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். எனவே அளவுகருவி அதிகபட்சம் காட்டும் வாரங்களில் மரத்துக்குள் போவது குறைவாக இருக்கலாம், மிதமான அளவு காட்டும் மாதங்களில் அதிகம் போயிருக்கலாம். ஐரோப்பாவில் காடுகளுக்கான ஓசோன் ஆபத்தைக் கணக்கிடும்போது வெறும் காற்றின் அளவை விட்டுவிட்டு, இலைத்துளை வழியாக உள்ளே போகும் அளவைக் கணக்கிடும் முறைக்கு மாறியது இதனால்தான்.

அப்படியானால் வறட்சி நல்லதா? ஓர் ஆண்டை மட்டும் பார்த்தால் சில சமயம் அப்படித் தோன்றும். பத்து ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் துளை திறந்திருக்கிறது, ஓசோன் உள்ளே போகிறது, மூத்த இலைகள் உதிர்கின்றன, வேருக்குப் பங்கு குறைகிறது, சேமிப்பு கரைகிறது. வறண்ட ஆண்டில் ஓசோன் போவது குறைகிறது, உண்மைதான். ஆனால் அந்த ஆண்டுக்குள் மரம் நுழைவது சுருங்கிய வேரோடும் காலியான கையிருப்போடும். சேதம் நடப்பது ஈரமான ஆண்டுகளில், சாவு வருவது வறண்ட ஆண்டில். ஒரே ஆண்டில் முடிந்துவிடும் சோதனைகள் இதைத் தவறவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. துளை மூடினால் ஓசோன் போகாது என்றேன். நீண்ட நாள் ஓசோன் பட்ட இலைகளில் துளை மூடுவதே மந்தமாகிவிடுவதைப் பல இனங்களில் பார்த்திருக்கிறார்கள். ஒளி குறைந்தாலும், காற்று வறண்டாலும் ஆரோக்கியமான இலை சட்டென்று எதிர்வினை காட்டும். ஓசோன் பட்ட இலை தாமதமாக மூடும், சில சமயம் முழுதாக மூடவும் மூடாது. இரவிலும் கொஞ்சம் நீர் போய்க்கொண்டே இருக்கும். சிக்கனத்தையே நம்பி வாழும் மரத்துக்கு இது சின்னக் குறை இல்லை.

ஓசோனைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றுவது இலையின் மேல் படியும் நுண்துகள்களின் கதை. பைன் ஊசியிலை ஒன்றை எடுத்துக் கைவில்லையால் பாருங்கள். நீளவாக்கில் வெண்ணிறப் புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் இலைத்துளை. துளை இலையின் பரப்பில் இல்லாமல் சற்றே குழிக்குள் இருக்கிறது, அந்தக் குழியை மிக நுண்ணிய மெழுகுக் குழல்கள் பஞ்சு மாதிரி அடைத்துக்கொண்டிருக்கின்றன. வெள்ளையாகத் தெரிவது அந்த மெழுகுதான். நீராவி தப்பிப்பதை அது மட்டுப்படுத்துகிறது, மழைநீர் உள்ளே புகாமலும் தடுக்கிறது. மாசுள்ள இடத்து மரத்தின் மூத்த இலையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தக் குழல்கள் உருகி ஒட்டிக்கொண்டதுபோல, தட்டையான படலமாகத் தெரியும். 1980களில் ஐரோப்பியக் காடுகள் நலிந்தபோது இதற்கு "மெழுகுச் சிதைவு" என்று பெயர் சூட்டி, அமில மழையோ வாயுக்களோ மெழுகை வேதியியல் முறையில் அரித்திருக்கும் என்று எண்ணினார்கள். அமிலம் அந்த மெழுகை எப்படிச் சிதைக்கிறது என்பதற்கு நல்ல விளக்கம் மட்டும் கிடைக்கவில்லை.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் யூர்கன் பர்க்ஹார்ட்டின் குழு இதை வேறு கோணத்தில் பார்த்தது. காற்றில் உள்ள நுண்துகள்களில் கணிசமான பகுதி உப்புகள்: அமோனியம் சல்பேட், அமோனியம் நைட்ரேட், கடலோரத்தில் சாதாரண உப்பு. இவை ஈரத்தை இழுப்பவை. அறை வெப்பநிலையில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தொட்டால் அமோனியம் சல்பேட் துகள் கரைந்து துளியாகிவிடும். சாதாரண உப்புக்கு 75, அமோனியம் நைட்ரேட்டுக்கு 60க்குச் சற்று மேல் போதும். ஒருமுறை துளியாகிவிட்டால் அதே ஈரப்பதத்தில் மறுபடி படிகமாகாது. அமோனியம் சல்பேட் காய்ந்து படிகமாவதற்கு ஈரப்பதம் 40க்கும் கீழே இறங்க வேண்டியிருக்கும். இலையோ எப்போதும் கொஞ்சம் நீராவியை வெளியே விட்டுக்கொண்டிருப்பதால், அதன் பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் சுற்றுப்புறத்தைவிட ஈரமானது. ஆகவே வெளியே வறண்ட பகலாக இருந்தாலும் இலையின் மேல் உப்புக்கரைசல் படலம் இருந்துகொண்டே இருக்கலாம்.

அந்தக் கரைசல் நாளுக்கு நாள் மெழுகின் மேல் பரவி, துளையின் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே இறங்குகிறது. தூய தண்ணீர் தன் மேற்பரப்பு இழுவிசையால் இவ்வளவு குறுகிய, மெழுகு பூசிய துளைக்குள் புகாது. அடர்ந்த உப்புக்கரைசல் ஊர்ந்து போய்விடுகிறது. துளையின் உள்பக்க ஈரத்துக்கும் இலையின் வெளிப்பரப்புக்கும் இடையே ஒரு மெல்லிய நீர்த்தொடர்பு உண்டாகிவிட்டால், அது விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்து ஆவியாக விடும். இந்தக் கசிவைத் துளையை மூடும் காப்புச் செல்களால் முழுதாகக் கட்டுப்படுத்த முடியாது. பைன் "மூடிவிட்டேன்" என்று இருக்கும், தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. ஐரோப்பாவில் பரவலாக வளரும் ஸ்காட்ஸ் பைன் கன்றுகளின் இலைகளில் உப்புக்கரைசல்களைத் தெளித்தபோது, நுண்ணோக்கியில் அதே "சிதைந்த மெழுகு" தோற்றம் வந்தது. பறித்த இலைகளைக் காயவிட்டு எடை பார்த்ததில், உப்புப் படிந்த இலைகள் சுத்தமான இலைகளைவிட வேகமாகத் தண்ணீரை இழந்தன. வடிகட்டிய காற்றில் வளர்த்த கன்றுகளையும் வழக்கமான காற்றில் வளர்த்தவற்றையும் ஒப்பிட்டபோதும் அதே பக்கம்தான் முடிவு சாய்ந்தது. ஆக, நாற்பது ஆண்டுகளுக்கு முன் சிதைந்த மெழுகு என்று பார்த்ததில் ஒரு பகுதியாவது மெழுகின் மேல் பரவிய உப்பாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். காட்டில் நிற்கும் முதிர்ந்த மரங்களின் சாவில் இந்தக் கசிவுக்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் முடிந்துபோன விவகாரம் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் நீளும் வறட்சியில், மூடிய துளையின் கசிவு சற்றுக் கூடினாலே மரம் தாங்கும் நாட்கள் குறையும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பைன் இதில் மற்ற மரங்களைவிட அதிகமாக மாட்டிக்கொள்வதற்கு அதன் இலை வடிவமே காரணம். மெல்லிய ஊசிகள் காற்றிலிருந்து துகள்களை வடிகட்டிப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். இலையுதிர் மரம் ஆண்டுதோறும் அழுக்கோடு இலையையும் கழற்றிவிடுகிறது, பைன் அதே ஊசியைப் பல ஆண்டு வைத்திருக்கிறது. மழை பெய்தால் உப்பில் பெரும்பகுதி கழுவிப்போகும். மழை பெய்யாத காலம் என்பதுதானே வறட்சி? கழுவ ஆளில்லாத நேரத்தில்தான் கசிவு அதிகம் வலிக்கிறது.

இத்தாலியின் மேற்குக் கடற்கரையில், பீசா நகரை ஒட்டிய சான் ரொசோரேயில், கடலோரப் பைன்கள் காய்ந்ததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. கடல் உப்பு அங்கே காலங்காலமாக வீசுகிறது, பைன்களும் பழகித்தான் இருந்தன. ஆற்று வழியாகக் கடலுக்குள் போன சலவைப் பொருள்கள் கடல் தெளிப்போடு கலந்து இலையில் படிந்தபோதுதான் சேதம் பெருகியது. சலவைப் பொருள் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, உப்புநீர் இலைத்துளைக்குள் சுலபமாகப் புகுந்துவிடுகிறது.

நைட்ரஜனுக்கு வருகிறேன். இதை மாசு என்று சொன்னாலே சிலர் சிரிப்பார்கள், உரம்தானே என்பார்கள். ஆரம்பத்தில் உரம்தான். வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடும் கால்நடைப் பண்ணைகளின் அமோனியாவும் காட்டில் படியும்போது மரம் முதலில் செழிக்கும். செழிப்பு எங்கே போகிறது என்பதுதான் வில்லங்கம். நைட்ரஜனைத் தேடி அலைய வேண்டியதில்லை என்றானதும் மரம் வேருக்குச் செலவழிப்பதைக் குறைத்து, இலைக்கும் தண்டுக்கும் போடுகிறது. வேரோடு கூடி வாழ்ந்து தண்ணீரையும் சத்தையும் எட்டிப் பிடித்துத் தரும் வேர்ப்பூஞ்சைகளும் குறைகின்றன. அடர்ந்த கால்நடை வளர்ப்புள்ள நெதர்லாந்தின் பைன் காடுகளில் இது தெளிவாகவே தெரிந்தது. தண்ணீர் கேட்கும் இலை அதிகம், கொண்டுவரும் வேர் குறைவு. அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1988 முதல் ஆண்டுதோறும் நைட்ரஜன் இட்டுவந்த சோதனையில், அதிக அளவு பெற்ற சிவப்புப் பைன் நிலத்தில் வளர்ச்சி சரிந்து, மரங்கள் பெருமளவில் செத்தன. சான் பெர்னார்டினோவின் மேற்கு முனையில் ஓசோனும் நைட்ரஜனும் இரண்டுமே வேரின் பங்கைத்தான் வெட்டின. மேலே இலையைக் குறைப்பது ஓசோன், கூட்டுவது நைட்ரஜன், அதனால் மேலே தெரிந்ததை மட்டும் வைத்து வேரின் நிலையை ஊகிக்க முடியவில்லை.

கந்தகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அது பெரும்பாலும் பழைய கதை. கந்தக டை ஆக்சைடு இலையைக் கருக்கும், மண்ணை அமிலமாக்கும், கால்சியத்தைக் கழுவும், அலுமினியத்தை விடுவித்து நுண்வேரைக் கெடுக்கும். 1980களின் ஜெர்மனியில் காடுகளே அழிந்துவிடும் என்ற அச்சம் கிளம்பியது இதையொட்டித்தான். அங்கே அதிகம் அடிபட்டவை ஸ்ப்ரூஸ், வெள்ளி ஃபிர் என்ற வேறு ஊசியிலை மரங்கள். பைன் அமில மண்ணை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். உருக்காலைப் புகை நேராக விழுந்த இடங்களில் அந்தப் பொறுமையும் உதவவில்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் மோன்செகோர்ஸ்க் நிக்கல் ஆலையைச் சுற்றிக் காடே மொட்டைத் தரையாகிப்போனது.

சரி, மரம் கடைசியில் எப்படிச் சாகிறது? பல இடங்களில் முடித்துவைப்பது பட்டை வண்டு. ஆரோக்கியமான பைன், வண்டு பட்டையைத் துளைத்ததும் அழுத்தத்தோடு பிசினை விட்டு அதை வெளியே தள்ளும் அல்லது மூழ்கடிக்கும். பிசின் செய்யச் சர்க்கரை வேண்டும், அழுத்தத்துக்குத் தண்ணீர் வேண்டும். ஓசோன் முன்னதைக் குறைக்கிறது, வறட்சி பின்னதை. 1960களின் கடைசியிலேயே சான் பெர்னார்டினோ மலையில், புகைமூட்டத்தால் காயம்பட்ட பாண்டரோசா பைன்களில் பிசினின் அழுத்தமும் ஓட்டமும் குறைந்திருப்பதையும், வண்டுகள் அப்படிப்பட்ட மரங்களையே அதிகம் தாக்குவதையும் அளந்து எழுதினார்கள். வண்டுக்குப் பின்னால் நெருப்பு. அகாலத்தில் உதிர்ந்த ஊசிகள் தரையில் கனமான மெத்தையாகச் சேர்ந்திருக்கும், மேலே செத்த மரங்கள் நிற்கும். வறட்சிக்குப் பின் 2003 அக்டோபரில் அந்த மலையில் பெரும் தீ ஓடியது.

இதைச் சொல்லும்போது மறுபக்கத் தவறையும் சொல்லியாக வேண்டும், எல்லாவற்றையும் மாசின் தலையில் கட்டுவது. சுவிட்சர்லாந்தின் வலே பள்ளத்தாக்கில் 1970களில் ஸ்காட்ஸ் பைன்கள் காய்ந்தபோது, அங்கிருந்த அலுமினிய ஆலைகளின் ஃபுளோரைடு புகையைக் குற்றம் சாட்டினார்கள். அதில் நியாயமும் இருந்தது. ஆலைகளில் வடிகட்டிகள் வந்து புகை அடங்கியது. பைன்கள் தொடர்ந்து சாகவே செய்தன, அதுவும் வறண்ட ஆண்டுகளை அடுத்து. ஒட்டுண்ணியாகப் படரும் புல்லுருவி மரத்தின் தண்ணீரை உறிஞ்சி நிலைமையை மோசமாக்கியது. 2003 முதல் பின்வால்டு என்ற காட்டின் ஒரு பகுதிக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தார்கள். அந்த மரங்களின் தழை அடர்ந்தது, வளர்ச்சி கூடியது. அதாவது அங்கே இப்போது முதல் குற்றவாளி தண்ணீர்ப் பற்றாக்குறைதான். கலிபோர்னியாவில் 2010 முதல் 2017 வரை செத்ததாக அமெரிக்க வனத்துறை கணக்கிட்ட 12.9 கோடி மரங்களையும் அப்படித்தான் பார்ப்பேன். கடும் வறட்சி, வெப்பம், தீயை நூறாண்டு அடக்கி வைத்ததால் வந்த அளவுக்கு மீறிய நெரிசல், வண்டு ஆகியவைதான் அங்கே முன்னணி. மாசு சில சரிவுகளில் சேர்ந்துகொண்ட துணைக் காரணம்.

ஒரு மரத்தைப் பார்த்தே எதன் வேலை என்று சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். கிளை நுனியிலிருந்து உள்நோக்கிப் போங்கள். பெரும்பாலான பைன்களில் ஆண்டுக்கு ஒரு கணு என்று வளர்ச்சி தெரியும், எத்தனை ஆண்டு இலைகள் மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணிவிடலாம். இந்த ஆண்டு இலை பளிச்சென்ற பச்சை, போன ஆண்டு இலையில் ஓரம் தெளிவில்லாத வெளிர்மஞ்சள் புள்ளிகள், அதற்கு முந்தையதில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்த மஞ்சள், அதற்குப் பின்னால் வெறுங்கிளை என்று இருந்தால் ஓசோனைச் சந்தேகியுங்கள். வறட்சி அப்படிப் புள்ளி வைக்காது. அந்த ஆண்டு இலையே குட்டையாக வரும், பழைய இலைகள் ஒரே சீராகப் பழுத்து விழும். உப்பும் ஃபுளோரைடும் நுனியிலிருந்து கருக்கும், கருகிய பகுதிக்கும் பச்சைக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி எல்லை தெரியும். உப்பாக இருந்தால் காற்று வரும் பக்கம் அதிகமாக இருக்கும். தண்டில் பிசின் கட்டிகளும் பட்டை இடுக்கில் மரத்தூளும் தெரிந்தால் வண்டு வந்துவிட்டது. இரண்டு மூன்று அடையாளங்கள் ஒரே மரத்தில் இருப்பதுதான் வழக்கம், அப்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் துடிக்காதீர்கள்.

கையில் என்ன செய்யலாம் என்று கேட்டால், காட்டளவில் உடனே பலன் தருவது நெரிசலைக் குறைப்பதுதான். சிறு மரங்களை அகற்றினால் மிஞ்சும் ஒவ்வொரு மரத்துக்கும் மண்ணீர் கூடும், பிசின் ஓட்டம் தேறும். ஓசோனைப் பொறுத்தவரை நெரிசலைக் குறைப்பதும் தண்ணீரைப் போலவே இரண்டு பக்கமும் வெட்டும்: ஈரம் கிடைத்த மரம் துளையைத் திறக்கும், ஓசோனும் கூடுதலாகப் போகும். ஆனாலும் வேரும் சேமிப்பும் தேறுவதன் லாபம் பெரிது என்பதே என் கணிப்பு. தனி மரமாக வளர்ப்பவர்கள் வறண்ட மாதங்களில் அடிக்கடி கொஞ்சமாக ஊற்றாமல், எப்போதாவது ஆழமாக நனைய விடுங்கள், அடித்தண்டை விட்டுத் தள்ளி, கிளை விரிந்திருக்கும் அகலம் வரை. மஞ்சளித்த பைனைப் பார்த்ததும் பலர் தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் வாங்கி வந்து கொட்டுகிறார்கள். சாலையோரத்தில், புகை படியும் இடத்தில் நிற்கும் மரத்துக்குக் காற்றே ஏற்கெனவே நைட்ரஜனைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மண் பரிசோதனையில் குறைவு என்று தெரிந்தாலொழிய அதைத் தொடாதீர்கள், வறண்ட ஆண்டில் கட்டாயம் வேண்டாம்.